வண்ணம் பூசுமுன்!

எலுமிச்சம்பழத்துக்கு இரும்பை இணைக்கும் ஆற்றல் உண்டா? உண்டென்று எவரும் வாய்விட்டுக் கூறார். ஆயினும், ஆயுத பூசையன்று நம் ஊர்ப் பற்றவைப்புப் பட்டறைகளைச் சுற்றி வந்து பாருங்கள். மின்பொறிக்குச் சந்தனம், கம்பி பிடிக்கும் கைப்பிடிக்குக் குங்குமம், கிரைண்டருக்கு மாலை, வாயிலிலே உடைந்து சிதறிய பூசணிக்காய்! அந்தச் சிதறலிலே வழுக்கி விழுந்து கையொடித்துக்கொண்ட வண்டிக்காரர்கள் கதை தனிக்கதை. அதை இன்னொரு நாள் பேசலாம். ஆண்டுக்கொரு நாள் பொறிக்குப் பொட்டிடுகிறோமே, அந்தப் பொறி செய்த இணைப்பு ஒன்றையேனும் ஆண்டுக்கொரு நாள் உடைத்துப் பார்த்ததுண்டா? இல்லை. பொட்டு இட்டாயிற்று, பொறுப்பு விட்டது!

தோழர்களே, பற்றவைப்பு என்பது உருக்குவேலை. மின்பொறி பாயும் இடத்திலே சில ஆயிரம் பாகை வெப்பம் பிறக்கிறது. எஃகு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசிலே உருகும். இணைய வேண்டிய இரண்டு இரும்பின் விளிம்புகளும் உருக வேண்டும். ‘ராடு’ என்று தொழிலாளர் அழைக்கும் கம்பியின் நுனியும் உருக வேண்டும். மூன்றும் ஒரே குழம்பாகி, குளிர்ந்து, ஓருடலாக இறுக வேண்டும். அதற்குப் பெயர்தான் பற்று. விளிம்பு உருகாமல், கம்பி மட்டும் உருகி வழிந்து மேலே படிந்துவிட்டால்? காய்ந்த சுவரிலே அப்பிய சேறு என்ன ஆகும்? வெயிலடித்ததும் பெயர்ந்து விழும். இதுவும் அவ்வளவே. கொடுமை யாதெனில், மெய்யான பற்றும் பொய்யான படிவும் வெளித்தோற்றத்திலே உடன்பிறந்தார் போல ஒத்திருக்கும்! சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரிகிறது. கதவு பொருந்தாவிடில் கைக்குத் தெரிகிறது. பற்றவைப்பின் பொய்யோ தனக்குள்ளே தன்னை ஒளித்துக்கொள்கிறது. அதன்மீது ஒரு கை வண்ணமும் பூசிவிட்டால், பிறகு அந்தப் பொய்யைப் பார்க்கும் முதல் ஆள் புயற்காற்றுதான்.

மிகைப்படுத்திக் கூறுவதாக எண்ண வேண்டா. தொலைவிலே நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். 1980ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் மாலை, நார்வே நாட்டுக்குரிய வடகடற் பகுதியிலே, எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு மிதவைமேடை புயலிலே கவிழ்ந்தது. அலெக்சாண்டர் கீலாண்டு என்பது அந்த மேடையின் பெயர். அதிலே இருந்தோர் 212 பேர். மாண்டோர் 123 பேர். ஐந்து கால்களில் ஊன்றியிருந்த அந்த இரும்பு மலை ஏன் சாய்ந்தது? அலை பெரிது என்பதாலா? ஆண்டவன் சினந்தான் என்பதாலா? ஆய்ந்தார்கள். ஒரு காலைத் தாங்கி நின்ற குறுக்குச் சட்டம் முறிந்தது. சட்டம் முறியவே கால் பிய்ந்தது. கால் பிய்யவே மேடை சாய்ந்தது. சட்டம் ஏன் முறிந்தது? நீருக்கடியிலே ஒலி கேட்கும் சிறு கருவி ஒன்றை மாட்டுவதற்காக அதிலே ஒரு துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். 6 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரணப் பற்று. அது சரிவரப் பிடிக்காத பற்று. அங்கே தோன்றிய விரிசலே வளர்ந்து வளர்ந்து சட்டத்தை அறுத்தது. இன்னும் கேளுங்கள்: விரிசலின் உள்ளே வண்ணப் பூச்சின் தடயம் இருந்தது! உள்ளே பூச்சு எப்படிப் போயிற்று? பூசும்போதே விரிசல் இருந்தது, அதனால் போயிற்று. விரிசலின்மேல் வண்ணம் பூசி, வண்ணத்தைப் பார்த்து மேடையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பூசிய நாளிலே ஒருவர், ஒரே ஒருவர், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்திருந்தால் என்று நெஞ்சு பதறுகிறது.

கடல்நடுவே நிற்கும் மேடைக்கும் நம் ஊர்க் கூரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். காற்று என்னும் தொடர்பு உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கூரை பறந்தது. ஏடுகள் நனைந்தன, இதழ்த் தொகுப்புகள் கூழாயின. பிறகு ஒரு வாடகை அறையிலே காலம் தள்ளினோம். உண்டியல் குலுக்கியும், திருமணங்களிலே மொய்யோடு மொய்யாகக் கேட்டும், வெளிநாட்டிலே உழைக்கும் இளைஞர்கள் அனுப்பியதைச் சேர்த்தும் புதிய கூடத்துக்கு வழி பிறந்தது. நாற்பதடி நீளம், இருபத்து நான்கடி அகலம்; பத்து இரும்புக் குழாய்த் தூண்கள்; அவற்றின்மேல் ‘ட்ரஸ்’ என்று பட்டறையிலே கூறும் கூரைச் சட்டகங்கள் ஐந்து; அவற்றின்மேல் தகடு. மாலையிலே ஐம்பது அறுபது பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்காரப் போகிறார்கள். தேர்வுக்குப் படிக்கப் போகிறார்கள். வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குழு என்னிடமும் இன்னும் இரு தோழர்களிடமும் ஒப்படைத்தது.

ஒப்பந்தக்காரர் சுற்று வட்டாரத்திலே பெயர் பெற்றவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரைப் போல நூறு பேர் உளர். தூண் நிறுத்தும் நாளை அவரே நாள் பார்த்துக் குறித்தார். இராகு காலம் கழிந்ததா என்று கைக்கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். அந்த அக்கறையிலே பத்தில் ஒரு பங்கு, கம்பிக் கட்டு சிமெண்டுத் தரையிலே ஈரத்தில் கிடக்கிறதே என்பதிலே இருந்திருக்கலாம்.

“இணைப்புகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “என்னங்க ஐயா, நம்ம மேலே நம்பிக்கை இல்லையா? எங்க பாட்டன் காலத்திலேயிருந்து இரும்பு வேலை. இது எங்க குலத்தொழில். கைராசிக்கு ஊரே சாட்சி” என்றார். குழுவிலே பெரியவர் ஒருவரும் அவர் பக்கமே பேசினார்: “பெரிய மனிதர், சோதனை என்று சொன்னால் வருத்தப்படமாட்டாரா?”

குலத்தொழிலாம்! இளைஞர்களே, அந்தச் சொல்லைக் கேட்டதும் 1953ஆம் ஆண்டு நினைவுக்கு வரவில்லையா? அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஆட்சி கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்து நாடே கொதித்தது. மறு ஆண்டு, 1954இல், அத்திட்டம் குழிக்குப் போயிற்று. திட்டம் போயிற்று, அதைப் பெற்றெடுத்த எண்ணம் போகவில்லை, பட்டறை வாயிலிலே இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மின்பற்றவைப்பு எந்தக் குலத்தின் தொழில்? 1880களிலே இரசியப் பேரரசிலே பெனார்டோசும் அவர் துணைவரும் கரிமுனையைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார்கள். அடுத்து சிலாவியனோவ் என்பார் உலோகக் கம்பியையே முனையாக்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே சுவீடன் நாட்டுக் கெல்பெர்க் அந்தக் கம்பிக்கு மேலுறை பூசினார். இன்று நம் ஊர்க் கடையிலே கட்டுக் கட்டாக விற்கும் ராடு அந்த வழியிலே வந்ததுதான். மனு இதற்கு எந்த வருணத்தை ஒதுக்கினார்? பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இல்லாத தொழில் எப்படி இரத்தத்திலே ஓடும்? உலைக்களத்திலே இரும்பைக் காய்ச்சி அடித்த நம் கொல்லர்களின் திறமையை எவரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் திறமை வேறு, இந்தத் திறமை வேறு. இரண்டும் கற்று வருபவை. பெற்று வருபவை அல்ல.

திருச்சியிலே 1960களில் எழுந்த கொதிகலன் ஆலைக்குச் சென்று கேளுங்கள். உயரழுத்த நீராவி ஓடும் குழாயை இணைக்க வருபவரிடம் அங்கே குலம் கேட்பதில்லை. ஒரு துண்டைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுகிறார்கள். அதை வளைத்துப் பார்க்கிறார்கள்; ஊடுருவும் கதிரால் படம் பிடித்து உள்ளே புகுந்து பார்க்கிறார்கள். தேறினால் சான்று, தேறாவிடில் மீண்டும் பயிற்சி. 1975இல் பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே அமைந்தது. கொதிகலன் வெடித்தால் உயிர் போகும். ஆகவே சட்டம் தேர்வு கேட்கிறது. கூரை விழுந்தால் மட்டும் உயிர் போகாதா? அங்கே ஏன் கைராசி போதும் என்று இருந்துவிடுகிறோம்?

“நம்பிக்கை இல்லையா” என்று கேட்டாரல்லவா? “ஐயா, நம்பிக்கை வேண்டிய இடம் இது இல்லை. பார்க்கக்கூடியதைப் பார்த்துவிடலாம், அளக்கக்கூடியதை அளந்துவிடலாம்” என்றேன். முணுமுணுப்போடு ஒப்புக்கொண்டார். அவருடைய ஆட்கள் வண்ணத் தகரங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். அவற்றை முதலில் மூட வைத்தோம்.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கசடு தட்டும் சுத்தி, கம்பித் தூரிகை, அளவுகோல், கைவிளக்கு, சிறு முகம்பார்க்கும் கண்ணாடி ஆகியவை போதும். பற்றின்மேல் கருப்பாக ஓடு போலப் படிந்திருப்பது கசடு. உருகிய இரும்பைக் காற்றுப்படாமல் காத்த உறையின் எச்சம் அது. அதைத் தட்டி, தேய்த்து நீக்காமல் எதையும் பார்த்ததாகக் கூறக்கூடாது. நீக்கியபின் விளக்கை நேரே அடிக்கவும் கூடாது. தரையோடு தரையாகச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்போதுதான் மேடும் பள்ளமும் நிழல் காட்டும்.

என்ன தெரிகிறது? நல்ல பற்று ஒரே சீரான அலைகளோடு, இரு பக்க இரும்பிலும் மெல்லென இறங்கி முடியும். கம்பளிப்பூச்சி போல முதுகு தூக்கி, ஓரங்கள் இரும்பிலே இறங்காமல் உருண்டு நின்றால், சூடு போதவில்லை என்று பொருள். ஓரத்திலே வாய்க்கால் வெட்டியது போலப் பள்ளம் ஓடினால், தொழிலாளர் அதை ‘அண்டர்கட்’ என்பர். சூடு மிகுந்து தாய் இரும்பையே தின்றிருக்கிறது. ஊசித்துளைகள் தெரிந்தால் கம்பியிலே ஈரம், அல்லது இரும்பிலே துரு, எண்ணெய். பற்று முடியும் இடத்திலே சிறு குழி விழுந்து, அதன் நடுவே விண்மீன் போல விரிசல் இருந்தால், அவசரப்பட்டுக் கையை எடுத்திருக்கிறார்கள். சுற்றிலும் தெறித்து ஒட்டிய மணிகளைக் கண்டு பலர் முகம் சுளிப்பார்கள். அவை அழகைக் கெடுப்பவை, வலிமையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் கிரைண்டர் போட்டு வழவழவென்று தேய்த்து மெருகேற்றிய இணைப்பைக் கண்டால் மெச்சிவிடாதீர்கள். தேய்த்தவர் எதைத் தேய்த்தார் என்று கேளுங்கள்! வண்டிக்குப் பூசும் பட்டியை அப்பி மெழுகியிருக்கும் இடங்களும் உண்டு.

அளவும் பார்க்க வேண்டும். மூலையிலே இடும் பற்று முக்கோண வடிவானது. அதன் கால் 6 மில்லிமீட்டர் என்றால், சுமை தாங்கும் குறுக்கு அளவு அதிலே பத்தில் ஏழு பங்கு, அதாவது 4.2 மில்லிமீட்டரே. கால் 3 ஆகக் குறைந்தால் தாங்கும் அளவு 2.1. பாதிப் பற்று, பாதி வலிமை. 10 மில்லிமீட்டர் வரை கனமுள்ள தகட்டுக்கு 3 மில்லிமீட்டரும், அதற்கு மேல் 20 வரை 5 மில்லிமீட்டரும் குறைந்த அளவு என்று இந்தியத் தரநூல் கூறுகிறது. அது ‘இதற்குக் கீழே போகாதே’ என்னும் எல்லை. ‘இவ்வளவு போதும்’ என்பதை வரைபடம்தான் கூற வேண்டும். எங்கள் வரைபடத்திலே 6 என்று பொறியாளர் தெளிவாக எழுதியிருந்தார்.

சட்டகங்களிலே பெரும்பாலான இணைப்புகள் தேறின. ஆனால், கண்ணாடியை அடிப்புறம் நீட்டியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படும் பக்கம் முழுப் பற்று. அடிப்பக்கத்திலே ‘டாக்’ என்று கூறும் புள்ளி ஒட்டு மட்டும்! தூண்களின் அடித்தகடுகளில் கூடத்தின் பக்கம் பளபளக்கும் பற்று. சுவரோரம் சில தூண்களுக்கு ஒன்றுமே இல்லை. ஊருக்கு ஒரு முகம், உள்ளுக்கு ஒரு முகம் என்று மேடையிலே மனிதரைப் பற்றிப் பேசியதுண்டு. இரும்புக்கும் அப்படி இரண்டு முகம் அமைத்துவிட்டார்களே!

ஒப்பந்தக்காரர் ஒரு வாதம் வைத்தார். “மேலே என்னங்க கனம்? வெறுந்தகடுதானே! இதுக்குப் போய் இவ்வளவு பற்றா?” கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றும். பலரும் ஏமாறும் இடமும் இதுதான். கூரை கனமாக இருந்தால் அதன் கனமே அதைக் கீழே அழுத்தி வைக்கும். தகட்டுக் கூரைக்கு அந்தக் கனம் இல்லை. புயற்காற்று கூரையின்மேல் பாயும்போது மேலே இழுவிசை உண்டாகிறது. திறந்த பக்கம் வழியே உள்ளே புகுந்த காற்று கீழிருந்து முட்டுகிறது. ஆகவே அன்றைய தினம் தூண் கூரையைத் தாங்குவதில்லை; பறக்கவிடாமல் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு சட்டகத்தின் வழியே இறங்கி, தூண் வழியே இறங்கி, கடைசியிலே வந்து தொங்குவது அடித்தகட்டைச் சுற்றியுள்ள அந்த ஒரு சுற்றுப் பற்றிலே. அதிலே பாதிச் சுற்றைக் காணோம்! கஜாவிலே முழுக்கூரை தூணோடு பிடுங்கிக்கொண்டு போய் வயலிலே கிடந்ததைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகவில்லை. ஒப்பந்தக்காரருக்காகப் பேசிய பெரியவரே எழுந்து, “அந்தக் கண்ணாடியை இப்படிக் கொடுங்கள்” என்று வாங்கி, குனிந்து குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இட்ட பற்றும் உள்ளே பிடித்திருக்கிறதா? அதற்கு உடைத்துப் பார்ப்பதைத் தவிர எங்கள் வசதிக்கு வேறு வழியில்லை. கதிர்ப்படம் எடுக்கக் கட்டுமா? ஆகவே ஒரு மாதிரித் துண்டு கேட்டோம். 10 மில்லிமீட்டர்த் தகட்டின்மேல் மெல்லிய பட்டை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும், அடித்தகட்டிலே வேலை செய்த அதே ஆள், அதே பொறி, அதே கம்பியால் பற்றவைக்க வேண்டும். குளிர்ந்தபின், பற்று உள்ள பக்கமாகச் சாயும்படி பட்டையைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அப்போது பற்றின் வேர் திறந்துகொள்ளும். நல்ல பற்று எளிதிலே விடாது, வளையும், முரண்டும். உடைந்தாலும் உடைந்த முகம் முழுவதும் மணிமணியாகச் சாம்பல் நிறம் காட்டும்.

பற்றவைக்க வந்தவர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞர். தொழிற்பயிற்சி நிலையத்திலே ஓராண்டு படித்தவர். எல்லோரும் சூழ்ந்து நிற்கக் கை நடுங்காமல் இட்டார். அலைகள் அழகாக விழுந்தன. கூட்டத்திலே சிலர், “இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றே கூறிவிட்டனர். மூன்றாவது அடி. ‘டக்’ என்று விட்டுவிட்டது. கையிலெடுத்துப் பார்த்தோம். பட்டையின் பக்கம் பிடித்திருந்தது. கனத்த தகட்டின் பக்கமோ, ஆலையிலிருந்து வந்த நீலச்சாம்பல் தோல் உருகாமல் அப்படியே இருந்தது! வேரிலே கருங்கசடு ஒரு கோடாக ஒட்டிக் கிடந்தது. அழகான அலைகள், அடியிலே பற்றே இல்லை.

எல்லாக் கண்களும் அந்த இளைஞர் மேல் பாய்ந்தன. ஒப்பந்தக்காரர் முந்திக்கொண்டார்: “நான் என்னங்க செய்வேன்? ஆள் சரியில்லை. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.” கைராசி அவருடையதாம், குற்றம் மட்டும் கூலிக்காரருடையதாம்!

இங்கேதான் தோழர்களே, சோதனை என்பது பாதியிலே நின்றுவிடக்கூடாது. உடைந்தது என்பதை அறிந்தோம். ஏன் உடைந்தது? அதையும் சான்று கொண்டு கேட்க வேண்டாமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அமெரிக்கா 2,710 ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்களைக் கட்டியது. ஆணியறைந்து கட்டும் பழைய முறையை விட்டுப் பெரும்பாலும் பற்றவைத்தே கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் முகமூடி அணிந்து பொறிபறக்க வேலை செய்தார்கள். (நம் நாட்டிலே பெண்ணுக்குச் சித்தாள் வேலை, சட்டி தூக்கலாம், கம்பி பிடிக்கக் கூடாதாம்!) பல கப்பல்களில் விரிசல் கண்டது, சில பிளந்தே போயின. 1943 சனவரி 16ஆம் நாள் போர்ட்லாண்டு நகரத் துறையிலே, அமைதியான நீரிலே கட்டி நின்ற ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. உடனே பழி எவர் மேல்? பற்றவைத்தவர் மேல்! புதிய ஆட்கள், அரைகுறைப் பயிற்சி என்றார்கள். அப்படிச் சில இணைப்புகளிலே குறை இருந்ததும் உண்மையே. ஆனால் கேம்பிரிட்சிலே கான்ஸ்டன்சு டிப்பர் என்னும் அம்மையார், கப்பல் எஃகையே எடுத்து ஆய்ந்தார். குளிரிலே அந்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அடைகிறது என்று காட்டினார். ஆணியறைந்த கப்பலிலே விரிசல் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலே தடையின்றி ஓடும். பழி சுமந்தவர்கள் கை கறுத்த தொழிலாளர். குற்றத்தின் பெரும்பங்கோ எஃகிலும் அமைப்பிலும் இருந்தது.

ஆகவே அந்த இளைஞரை உட்கார வைத்துக் கேட்டோம். முதலில் பேசவில்லை. ஒப்பந்தக்காரர் தேநீர் குடிக்கப் போனபின் பேசினார். மின்னிணைப்பு தொலைவிலிருந்து மெல்லிய கம்பியிலே வருகிறது. பொறிக்கு வந்து சேரும்போது ஆற்றல் குறைந்துவிடுகிறது. மெல்லிய குழாய்க்குக் குறைத்து வைத்த மின்னோட்டத்திலேயே கனத்த அடித்தகட்டுக்கும் அடிக்கச் சொல்லுகிறார்கள். கனத்த தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது உருகக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பயிற்சி நிலையத்திலே சொல்லிக் கொடுத்ததுதான். கம்பி ஈரமானது, வெயிலிலே வைக்கவும் நேரம் தருவதில்லை. (பெரிய ஆலைகளிலே சில வகைக் கம்பிகளை 300 பாகைக்கு மேற்பட்ட அடுப்பிலே காயவைத்தே எடுக்கிறார்கள்; ஈரத்திலிருந்து பிறக்கும் நீரியம் இரும்புக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் உண்டாக்கும் என்பதால்.) அடிப்பக்கம் ஏன் விடுபட்டது? “ஒரு நாளைக்கு இத்தனை முடிக்கணும்னு கணக்குங்க ஐயா. படுத்துக்கிட்டு அடிச்சா அது ஆகாது.”

கணக்கு! அங்கேதான் முடிச்சு இருந்தது. இந்த வேலைகளுக்கெல்லாம் எடைக்கு விலை பேசுகிறோம். கிலோவுக்கு இத்தனை ரூபாய். குழாய்க்கு எடை உண்டு. தகட்டுக்கு எடை உண்டு. பற்றுக்கு என்ன எடை? ஒரு தூணின் அடியைச் சுற்றி முழுவதும் இட்டாலும் கைப்பிடி இரும்பு தேறாது. ஆனால் மின்சாரமும் கம்பியும் ஆள்நேரமும் செலவாவது அதற்குத்தான். இரும்பு ஏற ஏற இலாபம். பற்று ஏற ஏறச் செலவு! இப்படி ஒரு விலையை நாமே பேசிவிட்டு, ஒப்பந்தக்காரர் பற்றிலே கைவைக்கிறார் என்று வியப்பது என்ன நியாயம்? அவருடைய பேராசையைக் காக்க நான் வழக்காட வரவில்லை. வழியைத் திறந்து வைத்தது எது என்று காட்டுகிறேன்.

இன்னொன்றும் கண்டோம். அந்த இளைஞர் கண்ணுக்கு அணிந்திருந்தது சந்தையிலே விற்கும் குளிர்கண்ணாடி. முகக்கவசம் ஒன்றே ஒன்று; அதுவும் இருட்டுக் கண்ணாடி உடைந்தது. இரவிலே கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல எரிகிறது, தூக்கமில்லை என்றார். உருகும் குட்டையைக் கண்கொண்டு பார்க்க முடியாதவர் எப்படி நேராகப் பற்றவைப்பார்? இணைப்பைப் பார்க்கப் போகிறவர் முதலில் இணைப்பவரின் முகத்தைப் பார்த்தால், பாதித் தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

குழு கூடிற்று. வாக்குவாதம் இரவு பத்து மணி வரை நடந்தது. கடைசித் தவணைப் பணம் நிறுத்தி வைக்கப்படும், அடித்தகடுகள் பத்திலும் பழைய பற்றைத் தேய்த்து எடுத்துவிட்டு முழுச்சுற்றும் புதிதாக இட வேண்டும், சட்டகங்களின் அடிப்பக்கம் நிறைவு செய்ய வேண்டும், ஆளை மாற்றக்கூடாது, திருத்த வேலை நாள்களுக்கு அவருக்குரிய கூலியை எங்கள் கண்முன்னே கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. பின்னதை ஒப்புக்கொள்ளத்தான் ஒப்பந்தக்காரருக்கு மனம் வரவில்லை. “தப்பு செஞ்சவனுக்குக் கூலியா?” என்றார். தவறு எவருடையது என்பதை மறுநாள் காலை இரும்பிடமே கேட்கலாம் என்றோம். தடித்த மின்கம்பி வந்தது. புதிய கம்பிக் கட்டு பிரிக்கப்பட்டது. படிப்பகத் தோழர் ஒருவர் பட்டுக்கோட்டையிலிருந்து முகக்கவசம் வாங்கி வந்தார். அதே இளைஞர், அதே கை. மின்னோட்டத்தை அவரே கூட்டி வைத்து இரண்டாவது துண்டைப் பற்றவைத்தார். பத்தடி, பதினைந்தடி, இருபதடி. பட்டை மடங்கித் தகட்டோடு படுத்துவிட்டது, பற்று விடவில்லை. ஒப்பந்தக்காரர் சம்மட்டியைத் தாமே வாங்கி இன்னும் நான்கு அடி அடித்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. கூலிக்குக் கையொப்பம் ஆயிற்று.

திருத்த வேலைக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியிட்டோம். பார்த்தவர் ஒரு கோடு, பற்றவைத்தவர் ஒரு கோடு. மழைநீர் ஓடும் இரும்புத் தாரைக்கு வேறு சோதனை. இணைப்பின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினோம். மண்ணெண்ணெய் மயிரிழை விரிசலிலும் புகும். வெள்ளைச் சுண்ணாம்பிலே கறை காட்டும். பிள்ளைகள் சுற்றி நின்று கறை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓரிடத்திலே வந்தது. “அதோ, அதோ!” என்று கூவினார்கள். ஒழுகிய இடத்தை மறுபடி பற்றவைத்து, மறுபடி தடவி, கறை வரவில்லை என்று பிள்ளைகளே கூறிய பிறகு வண்ணத் தகரங்களைத் திறக்கச் சொன்னோம்.

உடைந்த துண்டும் உடையாத துண்டும் படிப்பக மேசைமேல் இருக்கின்றன. மின்விசிறிக் காற்றிலே நாளிதழ் பறக்காமலிருக்க அவற்றைத்தான் வைக்கிறோம்.